ஆமைக்கு ‘யுவி லைட்’ வாங்கப் போகிறீர்களா? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைத் தெருவில் ஒரு கடை. மகளுக்காக ரெட் இயர் ஸ்லைடர் ஆமைக்குஞ்சு வாங்கினோம். தொட்டி, ஒரு டப்பா உலர்ந்த இறால், கூடவே 1,200 ரூபாய்க்கு ஒரு ‘யுவி லைட்’. “இது இருந்தா வெயிலே வேணாம் மேடம். ஆமையும் உள்ளங்கைக்கு மேல வளராது” என்றார் கடைக்காரர். இரண்டுமே பொய். பெண் ஆமை 25 சென்டிமீட்டர் வரைகூட வளரும்.

சில மாதங்களில் ஓடு அழுத்தினால் அமுங்கியது. இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது, தீனியும் எடுக்கவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் டாக்டர் முதலில் விசாரித்ததே விளக்கைத்தான். போட்டோவைக் காட்டியதும் சொல்லிவிட்டார்: வெறும் நீல எல்இடி.

ஆமைக்குத் தேவை யுவிபி, அதாவது 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர். அது கண்ணுக்கே தெரியாது, நீல வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது மேலே பட்டால்தான் ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 குறைந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்பிலும் ஓட்டிலும் சரியாக ஏறாது. ஜன்னலோரம் தொட்டியை வைத்தும் பயனில்லை, கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். கண் வீங்கியதற்கு வைட்டமின் ஏ குறைவுதான் காரணமாம், இறாலையே போட்டதன் பலன். இப்போது ஆமைக்கான பெல்லெட், துருவிய கேரட், கீரை கொடுக்கிறோம். பாலக் கீரையை மட்டும் தவிர்த்துவிடுகிறோம், அதிலிருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கடைக்குத் திரும்பப் போனோம். பில் இருக்கிறதா என்றார். அவர் கொடுத்தது துண்டுச் சீட்டு! பணம் தர முடியாது, வேண்டாமென்றால் கோயில் குளத்தில் விட்டுவிடுங்கள் என்றார். இது வட அமெரிக்க ஆமை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருப்பது. குளத்தில் விட்டால் நம்மூர் ஆமைகளுக்குத்தான் கேடு.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நட்சத்திர ஆமை தரட்டுமா மேடம்? லைட்டே வேணாம், வீட்டுக்கு ராசி” என்றாரே பார்க்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, வாங்கியவருக்கும் சேர்த்து.

நல்ல விளக்கென்றால் பெட்டியிலேயே யுவிபி 5.0 அல்லது 10.0 என்பதுபோல் யுவிபி அளவு அச்சிட்டிருக்கும். விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் யுவிபி வற்றிவிடும், மாற்றியாக வேண்டும். காசு கட்டுப்படியாகாதவர்கள் காலை வெயிலில் மொட்டைமாடியில் அகலமான டப் வைத்து, பாதிக்கு நிழல் போட்டு விடலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள், தண்ணீர் கொதித்துவிடும். மேலே வலையும் கட்டுங்கள். காக்கைகளுக்கு ஆமைக்குஞ்சு என்றால் கொள்ளை ஆசை.