மெத்தை வைத்த பெட்டி இருக்கை: பிளைவுட்டா, எம்.டி.எஃப்.-ஆ? கீலா, தனி மூடியா?

உள்ளே போர்வை, தலையணை. மேலே உட்கார மெத்தை வைத்த மூடி. இப்படி ஒரு பெட்டியை வீட்டுக் கூடத்திலேயே செய்துவிடலாம். டிரில், துணியைப் பலகையில் பின் அடிக்கும் கன் ஸ்டேப்ளர், சுத்தியல், அளவு நாடா, கூரான கத்தி இருந்தால் போதும். ரம்பத்தை மட்டும் மறந்துவிடுங்கள். 90 செ.மீ. நீளத்துக்குக் கைரம்பத்தால் நேராக அறுக்க எனக்கு இன்றுவரை வரவில்லை. பலகை விற்கும் இடத்தில் மேசை ரம்பம் இருந்தால் அங்கேயே அறுத்து வாங்கிவிடுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் அளவுச் சீட்டை எழுதுவது நாம்தானே? என் முதல் பெட்டியை அதில்தான் கோட்டைவிட்டேன். 90-க்கு 40 செ.மீ. பெட்டி, முன்பலகையும் பின்பலகையும் 90, பக்கப் பலகைகள் 40 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கப் பலகைகள் மற்ற இரண்டுக்கும் நடுவில் அல்லவா நிற்கப்போகின்றன! 18 மி.மீ. தடிமனை இரண்டு முறை கழித்து 36.4 என்று எழுதியிருக்க வேண்டும். பெட்டி 43.6 அகலத்துக்கு வந்து நின்றது. மூடி 40-தான். பின்பக்கம் மூன்றரை செ.மீ. இளித்துக்கொண்டிருந்தது.

சரி, எந்தப் பலகை? மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். வழவழப்பாக இருக்கும், விளிம்பில் சிலாம்பு வராது, பெயின்ட் அழகாகப் பிடிக்கும். அதன் பலவீனம் ஓரத்தில் இருக்கிறது. ஸ்க்ரூவைவிடச் சின்னதாக முதலில் ஒரு முன்துளை போடாமல் ஓரத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் பலகை அடுக்கு அடுக்காகப் பிளந்துகொள்ளும். ஈரம் பட்டால் ஊதும். ஊதினது திரும்ப அடங்காது. எடையும் கூடுதல்: 8-க்கு 4 அடி, 18 மி.மீ. ஷீட் ஒன்று ஏறக்குறைய 40 கிலோ. பிளைவுட் அதைவிட லேசு, ஸ்க்ரூவையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஆள் செய்து, ஒரே ஆள் நகர்த்தப்போகிற பெட்டி என்றால் எனக்குப் பிளைவுட்தான். அதிலும் முன்துளை போடத்தான் வேண்டும், ஆனால் சின்னத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். மரத்தூளையும் சீவலையும் ஒட்டி அழுத்திய மலிவான பார்ட்டிகிள் போர்டு, கழற்றி மாட்டும் வேலைக்கு ஆகாது; ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றினாலே துளை தளர்ந்துவிடும். பழைய தகரப் பெட்டி வீட்டில் கிடக்கிறதா? அதுவும் நல்ல வழிதான். அதன் மூடி ஆள் எடைக்கு வளையும் என்பதால் மேலே 12 மி.மீ. பிளைவுட் ஒன்றைப் போட்டு, அதன்மேல் மெத்தை வைக்க வேண்டும்.

பலகைகளைப் பெட்டியாகச் சேர்த்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 90-க்கு 40 என்றால் இரண்டும் 98.5 செ.மீ. பக்கம் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பெட்டி கோணல். பசை காய்வதற்குள் தட்டி நேராக்கிவிடலாம்.

ஃபோமில் ஏமாறுவது சுலபம். 32, 40 என்று சொல்லும் டென்சிட்டி ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு கெட்டி என்பதை அல்ல. அதனால் எண்ணைக் கேட்டதோடு விடாமல், முழங்கையை ஊன்றிப் பாருங்கள். முழங்கை அடிப்பலகையைத் தொட்டால் உட்காரும்போதும் அதே கதைதான். 5 செ.மீ. முழுக்க மெத்தென்று இருக்கும் ஃபோமைவிட, கீழே 2.5 செ.மீ. ரீபாண்டட், மேலே 2.5 செ.மீ. மெத்தென்ற ஃபோம் என்று இரண்டு அடுக்காக வைப்பது எனக்குப் பிடிக்கும். துண்டு ஃபோமை ஒட்டி அழுத்திச் செய்வது என்பதால் ரீபாண்டட் லேசில் அமுங்காது.

மேலுறைக்கு ரெக்சினா, துணியா? ரெக்சினைத் துடைத்தால் போதும், கறை நிற்காது. ஆனால் காற்று வெளியேற வழியில்லாமல், உட்கார்ந்தால் 'புஸ்' என்று பலூன் மாதிரி உப்பும். மூடிப் பலகையில் நாலைந்து துளை போட்டுத்தான் ஆக வேண்டும். தப்பாக அடித்த பின்னைப் பிடுங்கினால் ஓட்டை அப்படியே நிற்கும். கெட்டிப் பருத்தித் துணியில் நகத்தால் தேய்த்தால் அந்த ஓட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். முதல் முறை செய்பவருக்கு இது ஒன்றே போதும் துணியைத் தேர்ந்தெடுக்க. இரண்டிலும் முறை ஒன்றுதான்: ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு பின், இழுத்து எதிர்ப்பக்க நடுவில் ஒன்று, அப்புறம் மற்ற இரு பக்கங்கள், கடைசியில்தான் மூலைகள். கை ஸ்டேப்ளரில் 8 மி.மீ. பின் பிளைவுட்டில் பாதிதான் இறங்கும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சரி.

கடைசியாக மூடி. கீல் போட்டால் தோற்றம் நேர்த்திதான். ஆனால் மடித்த துணியின் தடிமனைக் கணக்கில் எடுக்காவிட்டால் மூடி பின்பக்கம் முட்டி, முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எந்தக் கோணத்திலும் மூடியைத் தாங்கி நிறுத்தும் தாங்கியும் கட்டாயம் வேண்டும். கனமான மூடி விரல்மேலோ கழுத்துமேலோ விழுந்தால் விளையாட்டல்ல. தனி மூடிக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. அடியில் நாலு ரீப்பர் கட்டையைச் சட்டம் மாதிரி அடித்து, பெட்டியின் உள்விளிம்புக்கும் அதற்கும் பக்கத்துக்கு 4 மி.மீ. இடைவெளி விட்டால் கச்சிதமாக உட்காரும், நழுவாது. ஒரே தொல்லை, திறக்கும் ஒவ்வொரு முறையும் முழு மூடியையும் தூக்கி எங்காவது வைக்க வேண்டும். நான் மெத்தைப் பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிடுகிறேன்.