கூரை மேல் குட்டிக் காத்தாடி: பதினெட்டு மாதக் கணக்கு

அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியோடு போய்விடலாம்: கரண்டுக்காக மாடியில் வைத்த குட்டிக் காற்றாலைக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் காத்தாடிக்கு, ஐந்துக்கு இரண்டு, விற்றவர்களுக்கு ஒன்று, வாங்கும் முன் பார்க்காமல் விட்டுவிட்டு வாங்கிய பிறகு பார்த்த இலவசக் காற்று வரைபடத்துக்கு நாலரை. மிச்சமெல்லாம் ஏன் இப்படி மார்க் போட்டேன் என்கிற புலம்பல்தான்.

எங்கள் ஊர் சுரண்டைக்குப் பக்கம். மொட்டை மாடியில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு காத்தாடி கண்ணில் படும். ஜூன் பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் கொடியில் போட்ட துணியை அடுத்த தெருவில் போய்த்தான் எடுக்க வேண்டும். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு ஒரு குட்டிக் காத்தாடி வைத்தால் என்ன என்று தோன்றாதவன் இருக்க மாட்டான். எனக்கும் தோன்றியது. வெளியூர்க் கம்பெனி ஒன்று (பெயர் வேண்டாம், இப்போது போனையும் எடுப்பதில்லை) 2 கிலோவாட் இயந்திரம், மூன்று இறக்கை, 3.2 மீட்டர் விட்டம், பேட்டரி, இன்வெர்ட்டர், கம்பம் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 40 ஆயிரம் என்றார்கள். "தினமும் 8 யூனிட் கேரண்டி சார், அரசு மானியமும் உண்டு" என்றார் வந்த பையன். அந்த மானியம் எங்கள் வீட்டுக்கு இல்லை என்பது முழுப் பணத்தையும் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

பொருளைக் குறை சொல்ல மாட்டேன். இறக்கை நன்றாக இருக்கிறது, துருப்பிடிக்கவில்லை, பதினெட்டு மாதத்தில் ஒரு போல்ட்டைத்தான் மாற்றினேன். சத்தம் உண்டு. பகலில் தெரியாது, ராத்திரி பலத்த காற்று அடித்தால் கம்பம் வழியாக ஒரு உறுமல் இறங்கிப் படுக்கையறைச் சுவருக்கு வந்துவிடும். ஆடி மாதம் முழுக்க வீட்டுக்காரி ஹாலில்தான் படுத்தாள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், கரண்ட் வந்தால்.

நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். காற்று உச்சத்தில் இருந்த ஜூலையில் 58 யூனிட். நாளுக்கு இல்லை, மாதம் முழுக்க! டிசம்பரில் 7. எதிர் வீட்டு மாமா அதே 2 கிலோவாட்டுக்குச் சோலார் போட்டு, 60 ஆயிரம் மானியமும் வாங்கிக்கொண்டு, வெயில் நாளில் எட்டு யூனிட் எடுக்கிறார். "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், உன் பேட்டரி ஏறலியாடே" என்று தினம் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் டீக்கடைக்குப் போவார்.

ஏன் ஏறவில்லை என்று முதலில் கண்டுபிடித்தது எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். மாடிக்கு வந்தவர் ஒரு பழைய சேலையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து மூங்கில் கழியில் கட்டி, காத்தாடி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நான் நினைத்தது, அது கொடி மாதிரி ஒரே பக்கமாகப் பறக்கும் என்று. அது ஒரு நொடி கிழக்கே போனது, தொங்கியது, கழியையே சுற்றிக்கொண்டது, அப்புறம் மேல் நோக்கி எழுந்தது. "அண்ணாச்சி, வேப்பமரமும் தண்ணி டேங்கும் காத்தைக் கிண்டி விடுது. இங்க வர்றது காத்து இல்ல, சுழி" என்றார். கழியை இன்னும் ஓர் ஆள் உயரம் தூக்கியதும் துண்டு கொஞ்சம் நேராக நின்றது. இரண்டே கால் லட்சத்துக்கு மேல் செலவழிக்கும் முன் யாராவது இந்தச் சேலைத் துண்டைக் கட்டிக் காட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், இறங்கும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. என் இயந்திரத்தின் ஸ்டிக்கரில் 2 கிலோவாட் என்று போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் விநாடிக்கு 11 மீட்டர் என்று இருக்கிறது. அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று. நாலு மீட்டர் காற்றில் அதே இயந்திரம் தருவது 96 வாட்தான், ஒரு சீலிங் ஃபேனும் ஒரு எல்இடி பல்பும் எரியும். கிலோவாட் என்பது இயந்திரத்தின் திறன், யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் சேர்கிற கரண்ட். கடைக்காரர் விற்றது கிலோவாட், எனக்கு வேண்டியது யூனிட். இந்த வித்தியாசத்துக்கு நான் கட்டிய டியூஷன் ஃபீஸ்தான் அந்த 2.40 லட்சம்.

இப்போது நாலரை மார்க் வாங்கிய சமாச்சாரத்துக்கு வருகிறேன். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்து போட்டிருக்கும் குளோபல் விண்ட் அட்லஸ் என்கிற இணைய வரைபடம். காசு கிடையாது. நம் ஊரைத் தேடிப் புள்ளி வைத்து உயரத்தை மாற்றினால் 10, 50, 100, 150, 200 மீட்டருக்குத் தனித்தனியாகச் சராசரி வேகம் காட்டும். நூறு மீட்டரில் எங்கள் ஊர் பிரமாதம். பத்து மீட்டருக்கு இறக்கினேன், வேகம் ஏறக்குறைய அறுபது சதவீதத்துக்கு வந்துவிட்டது. மும்மடிக் கணக்கைப் போட்டால் சக்தி ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் மரமும் டேங்கும் இல்லாத வெட்டவெளிக்கு. தூரத்தில் சுற்றும் பெரிய காத்தாடியையும் என் மாடியையும் ஒரே காற்று என்று நினைத்தேனே, அங்கேதான் ஏமாந்தேன். அரை மார்க் குறைத்ததற்குக் காரணம், உங்கள் வீட்டு வேப்பமரம் அதற்குத் தெரியாது. அந்த வேலைக்குச் சேலைத் துண்டுதான்.

நம் ஊரிலும் இதற்கென்று அரசு செலவில் ஒரு இடம் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. சென்னை பள்ளிக்கரணையில் 1998-ல் சி-வெட் என்ற பெயரில் தொடங்கி 2014-ல் பெயர் மாறிய தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம். மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகப் பணத்தில் நடப்பது. நாடு முழுக்க எண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கம்பம் நட்டுக் காற்றை அளந்திருக்கிறார்கள். கயத்தாற்றில் சோதனைத் தளம், அதற்கு டென்மார்க் உதவி. கயத்தாறு என்றால் நமக்குக் கட்டபொம்மன் ஞாபகம்தான் வரும், காத்தாடி மேல் கருவி மாட்டி இந்தக் காற்றுக்கு இவ்வளவு வாட் என்று அளப்பதும் அங்கேதான். குட்டிக் காத்தாடிகளையும் அங்கே சோதிக்கிறார்கள். "அங்கே சோதித்த அறிக்கை இருக்கிறதா" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பையன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பான் என்று இப்போது நினைக்கிறேன்.

காற்றிலிருந்து எவ்வளவு மின்திறன் எடுக்கலாம் என்று இந்தியா முழுவதுக்கும் இந்த நிறுவனம் போட்ட மதிப்பீடு 100 மீட்டர் உயரத்தில் 302 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்றால் பத்து லட்சம் கிலோவாட்), 120-ல் 695, 150-ல் 1164. உயரம் ஏற ஏறக் கணக்கு எப்படிப் பாய்கிறது பாருங்கள்! ஒன்று குறித்துக்கொள்ள வேண்டும், எல்லாமே பெரிய இயந்திரங்களுக்கான உயரம். மொட்டை மாடிக்காரனுக்கு இதில் நேரடியாக எதுவும் இல்லை. அவனுக்கு எந்த அரசு செலவழிக்கும், சொல்லுங்கள். ஆனால் அளப்பது என்கிற பழக்கத்தை நம் நாட்டில் பெரிய அளவில் கொண்டுவந்தவர் பீர்மேட்டில் பிறந்து சென்னையில் படித்த அன்னா மணி. வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976-ல் ஓய்வு பெற்ற பிறகும், எங்கே எவ்வளவு காற்று என்று ஊர் ஊராக அளக்கும் வேலையை நடத்தியவர். எங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டினால் பீர்மேடு, என்றாலும் இங்கே யாருக்கும் அவர் பெயர் தெரியாது. எனக்கும் போன வருடம்தான் தெரியும்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே விஷயத்தில் இரண்டு அரசுகள் பணம் போட்ட கதை இருக்கிறது. ஜெர்மனி 1983-ல் வடகடல் ஓரம் குரோவியன் என்று 3 மெகாவாட் ராட்சதக் காத்தாடி ஒன்றை நிறுத்தியது, இறக்கை விட்டம் நூறு மீட்டர். நாலு வருடத்தில் மொத்தம் ஓடியது 420 மணி நேரம், அதாவது பதினேழரை நாள். அதற்குக் கொஞ்சம் முன்னால், 1978-ல், டென்மார்க் ரிசோ என்கிற ஆய்வகத்தில் சின்னக் காத்தாடிகளைச் சோதிக்க ஒரு நிலையம் வைத்தது. அடுத்த வருடம் காத்தாடி வாங்குகிறவர்களுக்கு 30 சதவீத மானியம் அறிவித்தார்கள், ஆனால் ரிசோ சோதித்து ஒப்புதல் தந்த இயந்திரத்துக்கு மட்டும். ஊர்ப் பட்டறைக்காரன் செய்த காத்தாடி என்றாலும் அந்தச் சோதனையைத் தாண்டி வர வேண்டும். 1986-ல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் வந்தபோது, நம் தூத்துக்குடிப் பக்கம் உட்பட, நின்றது டென்மார்க்கின் 55 கிலோவாட் இயந்திரம். நான் பார்த்த வரைபடமும் அந்த ரிசோ வழியில் வந்ததுதான்.

நாம் எப்படிச் செய்தோம்? 1990களில் காத்தாடி வைத்தால் முதல் வருடமே முழுச் செலவையும் தேய்மானமாக வரியில் கழித்துக்கொள்ளலாம், பின்னால் அது 80 சதவீதம் ஆனது. காத்தாடி நட்டால் வரி மிச்சம், சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன. உற்பத்தியான யூனிட்டுக்கு 50 பைசா என்று ஊக்கத்தொகை வந்தது 2009-ல்தான். கிலோவாட்டுக்குப் பணமா, யூனிட்டுக்குப் பணமா என்கிற இந்தக் குழப்பத்தின் மிகச் சின்ன வாரிசு என் மாடியில் நிற்கிறது. 2024-ல் கடலுக்குள் காத்தாடி வைக்க, குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் 500 மெகாவாட் வீதம், துறைமுக வேலையும் சேர்த்து 7453 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது எனக்கு வந்த முதல் யோசனையே, யாராவது முதலில் அளந்தார்களா என்பதுதான். சும்மா சொல்லக்கூடாது, காம்பே வளைகுடாவில் 2017-லேயே லேசர் வைத்துக் காற்றை அளக்கும் லீடார் கருவியைக் கடலுக்குள் நிறுத்திவிட்டார்கள். என்னை விடப் புத்திசாலிகள்.

சரி, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. மரம், கட்டடம் எதுவும் கிட்டே இல்லாத மேட்டு நிலம், கரண்ட் லைன் வராத தோட்டம், பதினைந்து இருபது மீட்டருக்குக் குறையாத கம்பம், இதெல்லாம் இருந்தால் யோசிக்கலாம், சோலாரோடு சேர்த்து மழைக்காலத் துணைக்கு. வீட்டு மாடி என்றால் வேண்டாம். விற்பவர் கிலோவாட் என்று ஆரம்பித்தால், எந்த வேகத்தில், வருடத்துக்கு எத்தனை யூனிட், யார் சோதித்தது என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். கேரண்டி என்று வாயால் சொன்னது எனக்கு எதற்கும் உதவவில்லை.

இப்போதைக்கு இறக்கையைப் பிரேக் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், ராத்திரி உறுமல் இல்லை, வீட்டுக்காரி படுக்கையறைக்குத் திரும்பிவிட்டாள். கம்பத்தின் உச்சியில் அந்தச் சேலைத் துண்டு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்தைக் கொடுத்துவிடும் எண்ணம்தான், 90 ஆயிரத்துக்குத் தருகிறேன், வண்டி வாடகை உங்களுடையது. வாங்க வருகிறவர் தன் நிலத்தில் ஒரு வாரம் துணி கட்டிப் பார்த்துவிட்டு வரட்டும், இல்லையென்றால் நான் கொடுக்க மாட்டேன்.