பிரசவ வாட்டுக்கு நாலு நட்சத்திரம்

கொரோனாவால் 2021 ஆகஸ்ட் 20இல் மூடின இலங்கை ஒக்டோபர் 1இல்தான் திறந்தது. அந்த ஊரடங்குக்கு நடுவில்தான் என் சின்னவனுக்குப் பிறக்க அவசரம். 1990க்கு அடித்தோம், ஆம்புலன்ஸ் ஒரு சதம் வாங்காமல் தோட்டத்திலிருந்து கொண்டுபோய் இறக்கியது. மலைநாட்டில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி, எதுவென்று எழுதமாட்டேன்.

முதலில் குறை. காலையில் மலசலகூடத்தில் தண்ணீர் இல்லை, ஒரு நட்சத்திரம் அதற்கே போய்விட்டது. வீட்டுக்காரரை கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். சுடுதண்ணிப் போத்தலும் கம்பளியும் கைமாறித்தான் உள்ளே வந்தன. மூத்தவளுக்கு அம்மா வாட்டுவரை வந்தார். இந்தமுறை வலிக்குப் பிடிக்கக் கட்டில் கம்பிதான்.

டொக்டர் மேலும் எனக்குக் கோபம். போனதுமே "கொரோனா ஊசி போடலியா?" என்று சிங்களத்தில் அதட்டினார். ஜூனில் கர்ப்பிணிகளுக்கு ஏற்றத் தொடங்கியபோது "போட்டா புள்ள தங்காது" என்று எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே பேச்சு. மிட்வைஃப் மிஸ் இரண்டு தரம் தேடி வந்தார், நான் வீட்டில் இல்லை என்று சொல்லவைத்தேன். அதட்டாமல் என்ன செய்வார்?

இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பி.சி.ஆர். முடிவு வருமுன் வலி முற்றிவிட்டது. எனக்குத் தொற்று இருக்கா இல்லையா தெரியாமலே அந்த டொக்டர் என் காலடியில் நிற்கவேண்டும். முக்கும்போது மாஸ்க்கை யார் ஒழுங்காக வைத்திருப்பது? இரண்டு டொக்டர்மார் தனிமைப்படுத்தலில், அவர்கள் முறையும் இவர் தலையில் என்றார் அட்டென்டன்ட் அக்கா. அந்தக் கொரோனாப் பாதுகாப்பு அங்கியோடு தண்ணீர் குடிக்கவும் முடியாது, மூத்திரம் போகவும் முடியாது. கண்ணாடியில் ஆவி படிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் தையல் போட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: "அம்மா", "முக்குங்க", "முடிஞ்சிச்சு". மிச்சமெல்லாம் அக்கா வாய்வழி. அக்கா தேத்தண்ணி குடிக்கப் போன பத்து நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்குமே நடுக்கம்.

விடியக்காலம் அங்கியைக் கழற்றி, ஜன்னலோரம் நின்று வீடியோ கோல் எடுத்தார். வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதமாம், குவார்ட்டர்ஸில்தான் தங்கல். போனில் இருந்த பிள்ளை இவரைப் பார்த்து வீரிட்டது. மாஸ்க்கைக் கழற்ற மறந்திருக்கிறார்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று நன்றி சொல்ல டொக்டரைத் தேடினேன். அவரும் தனிமைப்படுத்தலுக்குப் போய்விட்டார் என்றார்கள். என் பி.சி.ஆர். தாள் அப்போதுதான் வந்தது: நெகட்டிவ்.