காரைக்குடி வட்டாரத்தில் ஒரு மண்வள ஆலோசனைச் சேவை: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

காரைக்குடியைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களுக்கு நேரில் வந்து மண்ணைப் பார்த்து, மண்ணின் இழந்த வளத்தை மீட்டெடுக்கும் மீளுருவாக்க வேளாண்மை முறையில் ஆலோசனை கூறும் சிறு குழு ஒன்றின் சேவையை, நிலக்கடலையும் உளுந்தும் விளையும் எங்கள் செம்மண் நிலத்துக்குப் பெற்றோம். கட்டணம் செலுத்திப் பெறத் தகுந்த சேவை இது.

2015-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் கார அமில நிலை, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல் சத்துகள், நுண்ணூட்டங்கள் உள்ளிட்ட 12 கூறுகளை அளந்து தருகிறது. ஆனால் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, மழைநீரை உள்ளே விடுகிறதா என்பதை அந்த அட்டையிலிருந்து அறிய முடியாது. இவர்கள் தொடங்கியதே அங்கிருந்துதான். மண்வெட்டியால் ஓரடி ஆழம் வெட்டி, வேர்கள் கீழே இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் மடங்கியிருந்ததைக் காட்டினார்கள். காய்ந்த மண்கட்டியைத் தண்ணீரில் போட்டு, அது உடனே கரைந்து குழைவதைப் பார்க்கச் செய்தார்கள். கரிமச் சத்து குறைந்த செம்மண்ணில் மழைத்துளி பட்டதும் துகள்கள் சிதறி, காய்ந்தபின் மேலே ஓடு கட்டிக்கொள்வதால் முளை வெளிவரத் திணறுகிறது என்று அவர்கள் விளக்கியபோது, முளைப்பு குறைந்ததற்கு விதையையே குறைகூறும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பது புலப்பட்டது.

மாதிரி எடுத்த விதத்திலும் குறை காண இயலாது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவக் குழிகள் வெட்டி, மண்ணைக் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் எடுத்து அரைக் கிலோவாகக் குறைத்தார்கள்.

அமிலத்தன்மை கொண்ட செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தைக் கூடுதலாக இடுவது வீண் செலவு என்றார்கள். ஹெக்டேருக்கு 12.5 டன் மக்கிய தென்னைநார்க் கழிவு, அடிமண் இறுக்கத்துக்கு உளிக்கலப்பை உழவு, கண்மாய் வண்டல் ஆகியவை அவர்களின் பரிந்துரைகள். தானியம், பயறு, எண்ணெய்வித்து எனப் பலவற்றைக் கலந்து விதைத்து மண்ணுக்கே உரமாக்கும் பலதானிய விதைப்பை எல்லோருக்கும் ஒரே மருந்தாகச் சொல்லாமல், கோடை மழை போதிய அளவு பெய்தால் மட்டும் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுமாறும், இல்லையேல் அது அடுத்த பயிருக்குரிய ஈரத்தையே குடித்துவிடும் என்றும் எச்சரித்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்த இடுபொருளையும் அவர்கள் விற்கவில்லை.

குறைகளும் உண்டு. ஏக்கரிலும் சென்டிலும் கணக்குப் பார்க்கும் சிறு விவசாயிகளுக்கு அளவுகளை ஹெக்டேரில் மட்டும் எழுதித் தருவது பொருந்தாது. பரிந்துரைக்கு ஆகும் செலவு மதிப்பீடும் அறிக்கையில் இல்லை. அதைவிடப் பெரிய குறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மீண்டும் வந்து பார்க்கும் ஏற்பாடு கட்டணத்தில் அடங்கவில்லை என்பதுதான். மண்ணில் மாற்றம் தெரியச் சில ஆண்டுகள் ஆகும் என்று கூறுபவர்கள் தொடர்ந்து வருவதையும் சேவையின் பகுதியாக்க வேண்டும்.

அழைக்க விரும்புவோர் கோடை உழவுக்கு முன்பே அழைப்பது நல்லது. கண்மாய் வறண்டிருக்கும்போதே வண்டல் எடுப்பதற்கான அனுமதியையும் கேட்டுவிடலாம். கட்டணம் செலுத்த இயலாதவர்கள் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை நாடலாம்.