ஜாவாவா, சி ஷார்ப்பா: பயந்தது ஒன்று, வழக்குக்குப் போனது இன்னொன்று

மொபைல் செயலி எழுத ஜாவா, சி ஷார்ப் இரண்டில் எதை எடுத்தால் வம்பு வரும்? 2009-இல் கேட்டிருந்தால் பலரும் சி ஷார்ப்பைத்தான் கைகாட்டியிருப்பார்கள். அது மைக்ரோசாப்டின் மொழி. அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்த மோனோவை நம்பியிருப்பது ஆபத்து, காப்புரிமை (பேட்டன்ட்) வலை விழலாம் என்று கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே எச்சரித்திருந்தார். ஜாவாவோ 2006-லேயே ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்துக்கு மாறத் தொடங்கிய நல்ல பிள்ளை.

நடந்தது தலைகீழ்.

ஜிபிஎல் ஜாவா ஒருபுறம் இருக்க, கைபேசி ஜாவாவுக்கு, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் தனியாக உரிமம் விற்றது. ஜாவாவைத் திறந்த மூலமாகத் தனியே எழுதிய அப்பாச்சி அமைப்பின் ஹார்மனி திட்டம், ஜாவாவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனைத் தொகுப்பைச் சன்னிடம் கேட்டபோது, கைபேசியில் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆண்ட்ராய்டுக்காக கூகுள் அந்த உரிமத்தை வாங்கவில்லை. செயலிகளை இயக்கும் டால்விக் என்ற மெய்நிகர் இயந்திரத்தைத் தானே எழுதிக்கொண்டது. ஆனால் ஜாவா நிரலாளர்களுக்குக் கைப்பழக்கமான பெயர்கள் வேண்டுமே! ஏபிஐ என்பது தயாராக இருக்கும் நிரல்களை அழைப்பதற்கான இடைமுகம். ஜாவாவின் 37 ஏபிஐ தொகுப்புகளில் பெயர்களையும் அமைப்பையும் சொல்லும் அறிவிப்பு வரிகளை, சுமார் 11,500 வரிகளை, அப்படியே எடுத்துக்கொண்டது.

2010 ஜனவரியில் சன்னை வாங்கிய ஆரக்கிள், அதே ஆகஸ்டில் ஏழு காப்புரிமைகளோடு கோர்ட்டுக்குப் போனது. விசாரணைக்கு வந்தபோது மிஞ்சியவை இரண்டு. அவற்றிலும் மீறல் இல்லை என்று 2012-இல் ஜூரி சொல்லிவிட்டது. இழுத்தடித்தது பதிப்புரிமைதான் (காப்பிரைட்). ஏபிஐக்குப் பதிப்புரிமையே கிடையாது என்றார் நீதிபதி ஆல்சப். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2016-இல் ஜூரி கூகுள் பக்கம், 2018-இல் தீர்ப்பு மறுபடி ஆரக்கிள் பக்கம். அதற்குள் ஆண்ட்ராய்டே ஜிபிஎல் ஜாவாவான ஓப்பன்ஜேடிகேவுக்கு மாறிவிட்டது.

சி ஷார்ப் பக்கம் சத்தமே இல்லை. எக்மா என்ற தர அமைப்பு வெளியிட்ட சி ஷார்ப் தரத்தில் இருந்த பகுதிகளுக்குக் காப்புரிமை வழக்குப் போட மாட்டோம் என்று 2009-இல் மைக்ரோசாப்ட் வாக்குறுதி தந்தது. திரைச் சாளரங்களை அமைக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் போன்றவை அதில் சேராது என்பதால் சந்தேகம் போகவில்லை. 2016-இல் மோனோவை வளர்த்துவந்த ஸாமரின் நிறுவனத்தை வாங்கி, மோனோவை எம்ஐடி என்ற தாராளமான உரிமத்துக்கு மாற்றிய பிறகுதான் பேச்சு அடங்கியது. அதற்காக மைக்ரோசாப்ட் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம்; ஆண்ட்ராய்டு கைபேசி செய்த எச்டிசி, சாம்சங்கிடம் காப்புரிமைக் கட்டணம் வாங்கியது.

இன்று நான் தேர்ந்தெடுப்பதானால் முதலில் காப்புரிமை ஷரத்தைத்தான் படிப்பேன். இன்றைய மொபைல் மொழிகளான கோட்லின், ஸ்விஃப்ட் இரண்டும் அப்பாச்சி 2.0 உரிமம், அதில் காப்புரிமை அனுமதி எழுத்திலேயே இருக்கிறது. எம்ஐடி உரிமத்தில் அந்தப் பேச்சே இல்லை.

அப்புறம், அந்த ஆரக்கிள் வழக்கில் 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்று கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, நியாயமான பயன்பாடு என்ற அடிப்படையில் மட்டுமே. ஏபிஐக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை அது முடிவு செய்யவில்லை.