அடுத்து எந்தப் பழைய ஆர்பிஜி? தூக்கத்தை வைத்து ஒரு கணக்கு

‘பால்டர்ஸ் கேட் 3 முடிச்சாச்சு. பழசுல அடுத்து எதை எடுக்கலாம்?’ தள்ளுபடி சீசன் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கதை என்ன, எத்தனை மணி நேரம் ஓடும், எந்த கம்ப்யூட்டரில் ஓடும் என்பதெல்லாம் விற்கிற பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அங்கே போடாத சங்கதி ஒன்று உண்டு. ஆர்பிஜி எனப்படும், ஆளை உருவாக்கி வளர்த்து ஆடும் இந்த கேம்களில் சண்டை போடுகிற அளவுக்கு நம் குழுவைப் படுக்கவைத்து எழுப்பவும் வேண்டியிருக்கும். தூக்கத்தை எந்த கேம் எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்தாலே போதும், எது உங்களுக்கு ஒத்துவரும், எது மறுநாளே அன்இன்ஸ்டால் ஆகும் என்று சொல்லிவிடலாம்.

பால்டர்ஸ் கேட் 3 (2023) இந்த விஷயத்தில் நமக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டது. 40 அளவு சாப்பாட்டுச் சாமான் இருந்தால் ஒரு முழு ஓய்வு. டாக்டிஷியன் என்ற கடின நிலையில் 80. நடுவில் இரண்டு குட்டி ஓய்வு. முகாமுக்குப் போய்ப் படுத்தால் எல்லாரும் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) நிரம்பி எழுந்து வருவார்கள். இதே பழக்கத்தோடு 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டுக்குள் நுழைகிறவர், முதல் ஓநாயிடமே கடிபட்டுச் செத்துவிட்டு ‘இதுவா கிளாசிக்?’ என்று கேட்பார்.

அதில் இருப்பது ஏடி அண்ட் டி என்ற மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதி. லெவல் 1 மந்திரவாதிக்கு ஹெச்பி 4. கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 16 வைத்தால் 6. ஒரு தூக்கத்துக்கு ஒரே ஒரு மந்திரம், ஒரு மந்திரப் பிரிவில் தேர்ந்த ஸ்பெஷலிஸ்ட் என்றால் இரண்டு. அதைப் போட்டு முடித்தால் கவண் எடுத்துக் கல்லெறிய வேண்டியதுதான். திரும்ப வேண்டுமென்றால் 8 மணி நேரம் தூங்க வேண்டும். அந்த ஒற்றை ஸ்லாட்டில் (மந்திரம் வைக்கும் இடத்தில்) எதை வைப்பது என்பதற்குப் பதிலும் ஒன்றே ஒன்றுதான்: ஸ்லீப். ஆரம்பத்தில் வருகிற கோபோல்டு, கிப்பர்லிங், கொள்ளைக்காரன் எல்லாரும் அதில் சாய்ந்துவிடுவார்கள், சாய்ந்தவன் மேல் விழும் அடி தப்பாது. எதிரியைத் தூங்கவைக்கத் தான் தூங்கி எழுந்து, மறுபடி அவனைத் தூங்கவைக்க மறுபடி தூங்குவது என்றே முதல் சில லெவல்கள் ஓடும்.

தூங்கவாவது விடுகிறதா? காட்டில் ஓய்வு பட்டனை அழுத்தினால், பாதியில் ஒரு கூட்டம் வந்து எழுப்பும். மந்திரம் திரும்பியிருக்காது, ஹெச்பி ஏறியிருக்காது, படுத்தபோது இருந்ததைவிட மோசமான நிலையில் சண்டை. உடனே எல்லாரும் செய்வது ஒன்றுதான்: க்யூ விசையைத் தட்டி சேவ், பிறகு ஓய்வு, கூட்டம் வந்தால் லோட். இதில் ஆபத்தும் இல்லை, யுக்தியும் இல்லை, ஆட்டக்காரரின் நேரம்தான் போகிறது. ஓய்வுக்கு ஒரு விலை வைத்திருக்கலாம், இல்லை நிம்மதியாகத் தூங்க விட்டிருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டார்கள்.

காயம் ஆறுவது அதைவிட மோசம். ஓர் இரவு தூங்கினால் தேறுகிற ஹெச்பி சொற்பம். விடுதியில் பெரிய காசு கொடுத்து ராயல் அறை எடுத்தாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஆகவே கிளெரிக் எனும் பூசாரியின் முதல் நிலை ஸ்லாட் எல்லாவற்றிலும் காயம் ஆற்றும் க்யூர் லைட் வூண்ட்ஸ் வைத்து, ஒன்றுக்கு 8 ஹெச்பி வீதம் ஏற்றிவிட்டு, அந்த ஸ்லாட்டை மீட்க மறுபடி படுக்க வேண்டும். புதுப்பித்து வெளியிட்ட என்ஹான்ஸ்டு எடிஷனில் (2012) ‘குணமாகும்வரை ஓய்வு’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கிளிக் மிச்சம். ஆனால் கேமின் காலண்டர் நாள்கணக்கில் ஓடிவிடும். நாஷ்கெல் சுரங்கத்துக்குப் போகாமல் இழுத்தடித்தால் குழுவில் இருக்கும் காலிதும் ஜஹைராவும் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். சிறைபட்ட டைனஹீரை மீட்கத் தாமதமானால் இன்னொரு கூட்டாளியான மின்ஸ்க் கோபித்துக்கொண்டு போய்விடுவார். முதல் முறை ஆடுகிறவருக்கு அது ஏன் என்றே புரியாது.

வழி இல்லாமல் இல்லை. கதை தொடங்கும் கேண்டில்கீப்பை விட்டு வெளியே வந்ததும் சேர்ந்துகொள்ளும் இமோயனிடம் மேஜிக் மிஸைல் மந்திரக்கோல் ஒன்று இருக்கும். திருடியான அவரால் அதைப் பயன்படுத்த முடியாது, வாங்கி மந்திரவாதியிடம் கொடுங்கள். சார்ஜ் குறைந்தால் கடையில் விற்று, அங்கேயே திரும்ப வாங்கினால் நிரம்பி வரும். ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதி இருக்கும் பகுதியில், வெளித் தரையில் ஒரு மோதிரம் மறைந்து கிடக்கிறது. கர்சரை மெதுவாக நகர்த்தினால்தான் அகப்படும். அதைப் போட்டால் முதல் நிலை மந்திர ஸ்லாட் இரட்டிப்பு. அந்த விடுதிப் படிக்கட்டில் காத்திருக்கும் டார்னெஷ் என்ற மந்திரவாதிதான் புதிதாக ஆடுகிறவர்களை அதிகம் கொல்கிறவன். போலி உருவங்களை உண்டாக்கும் மிரர் இமேஜ் போட்டுவிட்டு, பயமுறுத்தும் ஹாரர் போடுவான், நம் ஆட்கள் திசைக்கொருவராக ஓடுவார்கள். அவனை எதிர்கொள்ள எல்லார் கையிலும் வில், கவண் கொடுத்துத் தூரத்தில் நிறுத்துங்கள். வில்லுக்கு ஒரு சுற்றில் இரண்டு அம்பு; ஒரு சுற்று என்பது நிஜத்தில் 6 விநாடி. அவன் ஒரு மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அம்பு தைத்தாலும் அந்த மந்திரம் கெட்டுப்போகும்.

தாக்கோ (அடி படும் வாய்ப்பைச் சொல்லும் எண்) கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாக்கோவிலிருந்து எதிரியின் ஏசியை (தற்காப்பு எண்) கழித்தால் வருவது, 20 முகம் கொண்ட டி20 பகடையில் விழ வேண்டிய எண். தாக்கோ 20, ஏசி 5 என்றால் 15 அல்லது அதற்கு மேல். இரண்டுமே குறையக் குறைய உடையவருக்கு நல்லது. அவ்வளவுதான்.

இவ்வளவு திட்டியும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கதையின் சில கட்டங்களில் தூங்கும்போது நாயகனுக்குக் கனவு வரும். ஓய்வுத் திரைக்குப் பதிலாகக் கருமையான எழுத்துப் பக்கம் திறந்து, அவனுக்குள் இருப்பது யாருடைய ரத்தம் என்பதை ஜாடையாகச் சொல்லும். எழுந்தால் ஒரு புதிய சக்தி கையில் இருக்கும். நல்ல பெயர் எடுத்திருந்தால் குணமாக்கும் சக்தி, கெட்ட பெயரானால் உயிர் உறிஞ்சும் சக்தி. சலிப்பாக அழுத்திக்கொண்டிருந்த அதே பட்டன், ஒரு ராத்திரி பதில் பேசுகிறது. எத்தனையோ புது கேம்களின் வெட்டுக்காட்சி செய்யாத வேலை அது.

இரண்டாம் பாகத்தில் (2000) தொந்தரவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. புது ஆளை உருவாக்கினாலும் 89,000 எக்ஸ்பியோடு (அனுபவப் புள்ளி) தொடங்குவதால் மந்திரவாதிக்கு ஸ்லாட் தாராளம். இங்கே தூக்கம் ஒரு தந்திரமாகவே மாறுகிறது. ஸ்டோன்ஸ்கின் மந்திரம் நீடிப்பது 12 மணி நேரம், ஓய்வு 8 மணி நேரம். அதைப் போட்டுக்கொண்டு படுத்தால், எழும்போது தோலும் கல்லாக இருக்கும், ஸ்லாட்டும் நிரம்பியிருக்கும். ஆனால் ரத்தக்காட்டேரிகளிடம் மாட்டினால் வேறு கதை. அடிக்கு அடி லெவலை உறிஞ்சிவிடுவார்கள், அதை மீட்க லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் போட வேண்டும், போட்ட கிளெரிக் களைத்து விழுவார். பிறகென்ன, படுக்கைதான். கதைப்படி 20,000 பொன் சேர்க்கச் சொல்லி (பிறகு 15,000-ஆகக் குறைப்பார்கள்) ஊரெல்லாம் அலையவிடுகிற அத்கத்லா நகரப் பகுதி, இந்த வகை கேம்களில் இன்றுவரை எனக்கு மிகப் பிடித்த பகுதி. சேர்த்து முடிக்கக் கெடு இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கலாம்.

ஐஸ்விண்ட் டேல் (2000) பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு பேரையும் நாமே உருவாக்க வேண்டும், முழுக்கச் சண்டை, இடைஞ்சல் நிறைந்த தூக்கம். சண்டைக்காகவே ஆடுகிறவர் எடுக்கலாம். அதன் இரண்டாம் பாகத்துக்கு மூல நிரல் தொலைந்துபோனதால் என்ஹான்ஸ்டு எடிஷன் வரவே இல்லை.

பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999) தூக்கத்தைக் கிட்டத்தட்ட ஒழித்தேவிட்டது. நாயகனுக்குச் சாவே கிடையாது. அடிபட்டு விழுந்தால் சவக்கிடங்கு போன்ற ஓர் இடத்தில் எழுந்து நடப்பான். சில இடங்களில் சாவதுதான் முன்னேற வழி. காயமும் தானாக ஆறும், கான்ஸ்டிட்யூஷன் கூடினால் இன்னும் வேகமாக. ஹைவ் என்ற நகரப் பகுதியின் தெருக்களில் நினைத்த இடத்தில் படுக்க முடியாது, ஆனால் அது உறுத்தாது, ஏனென்றால் எக்ஸ்பியில் பெரும்பகுதி பேச்சில் கிடைக்கிறது. ஆரம்பத்தில் கொடுக்கிற புள்ளிகளை விஸ்டத்தில் முதலில் போடுங்கள், பிறகு இன்டெலிஜென்ஸ், கரிஸ்மா. பலத்தில் போட்டால் பாதிக் கதை பூட்டிக் கிடக்கும். எழுத்தில் இதற்கு இணை இல்லை என்பது என் தீர்மானம். கர்ஸ்ட் ஊருக்குப் பிந்தைய சண்டைகள் மட்டும் வெறும் இழுவை.

தூக்கத்தை ஒழுங்காக யோசித்தவர்கள் மாரோவிண்ட் (2002) ஆட்கள். மேஜிக்கா (மந்திர சக்தி) தானாக ஏறாது, தூங்கினால்தான் ஏறும். முக்கிய, துணைத் திறன்களில் மொத்தம் 10 புள்ளி கூடிய பிறகு, தூங்கினால்தான் லெவலும் ஏறும். ஊருக்குள் கண்ட இடத்தில் படுப்பது சட்டவிரோதம், படுக்கை வேண்டும். கில்டில் சேர்ந்தால் அங்கே படுக்கை இலவசம். கதை நகர நகர வில்லன் தாகோத் உர் கனவில் வந்து பேசுவான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லெவல் ஏறும்போது ஒரு பண்பு எத்தனை புள்ளி கூடும் என்பது, அதைச் சேர்ந்த திறன்கள் எத்தனை முறை கூடின என்பதைப் பொறுத்தது. 1 முதல் 4 முறை என்றால் 2 புள்ளி, 5 முதல் 7 என்றால் 3, 8 அல்லது 9 என்றால் 4, 10 என்றால் 5. ஆகவே கணக்குப் பார்க்கிறவர்கள் கண் சொருகினாலும் தூங்குவதில்லை. எண்டியூரன்ஸை (தாக்குப்பிடிக்கும் பண்பு) மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு லெவலுக்கும் அதில் பத்தில் ஒரு பங்குதான் ஹெச்பியாகச் சேரும், முன்னால் விட்டது பின்னால் வராது.

மாரோவிண்ட் பற்றி வருகிற முதல் புகார், ‘கத்தி படுகிறது, ஆனால் அடி விழவில்லை.’ காரணம் களைப்பு. ஆயுதத் திறன், அஜிலிட்டியில் ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் பத்தில் ஒரு பங்கு மூன்றையும் கூட்டி, களைப்பைக் காட்டும் பச்சைப் பட்டை நிரம்பியிருந்தால் 1.25-ஆல் பெருக்குகிறது, காலியானால் 0.75-ஆல். திறன் 30, மற்ற இரண்டும் 40 என்றால் கூட்டல் 42. பட்டை நிரம்பியிருந்தால் 52 சதவீதத்துக்குச் சற்று மேல், காலியானால் 31 சொச்சம். எதிரி விலகுவது இதில் தனியாகக் கழியும். ஓடிப்போய் அடிக்காமல் நடந்துபோய் அடித்தாலே புகாரில் பாதி தீரும். இப்போது விற்பது டிரைப்யூனல் என்ற கூடுதல் பாகம் சேர்ந்த பதிப்பு என்பதால், லெவல் 1-இல் படுத்தாலும் டார்க் பிரதர்ஹுட் கொலைகாரன் வந்து எழுப்புவான். தப்பித்தவறி அவனைக் கொன்றுவிட்டால் அவன் கவசத்தை விற்ற காசில் பல நாள் ஓட்டலாம், ஆரம்பக் கட்டத்தின் ருசியே போய்விடும். தாக்குதலைத் தள்ளிப்போடும் மாட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) ஒன்றை முதலிலேயே போட்டுவிடுங்கள். பழைய எஞ்சின் முரண்டு பிடித்தால், அதே கோப்புகளை வைத்து ஓப்பன்எம்டபிள்யூ என்ற மாற்று எஞ்சினில் ஓட்டலாம்.

மைட் அண்ட் மேஜிக் 6 (1998) நேர்மையான வியாபாரம். சாப்பாடு இருந்தால் 8 மணி நேரம் படுக்கலாம், எழுந்தால் எல்லாம் நிரம்பியிருக்கும், சாப்பாடு தீர்ந்தால் சத்திரம். நான் மேலே கேட்ட ‘விலை’ இதுதான். ஆனால் பேச ஆள் இல்லாத கதை.

மதிப்பெண் போட்டால் தூக்கத்துக்கு மாரோவிண்ட், எழுத்துக்கு பிளேன்ஸ்கேப், மொத்தத்தில் பால்டர்ஸ் கேட் 2. ஆனாலும் மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டு வருகிறவருக்கு நான் சொல்வது முதல் பால்டர்ஸ் கேட்தான். முரணாகத்தான் இருக்கிறது. லெவல் 1-இல் எலிக்குப் பயந்து தொடங்கி, 1,61,000 எக்ஸ்பி உச்சத்தில் முடித்து, அதே ஆளை அப்படியே இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோகிற அந்த ஏற்றத்தை மற்ற எதுவும் தரவில்லை. நேராக இரண்டாவதில் தொடங்குகிறவர் பணக்காரராகவே பிறந்துவிடுகிறார்.

என்ஹான்ஸ்டு எடிஷனையே வாங்குங்கள். எழுத்து பொடியாகத் தெரிந்தால் அமைப்பில் திரை அளவைப் பெரிதாக்கும் தேர்வு இருக்கிறது. எதிரி கண்ணில் பட்டதும் தானாக நிற்கும்படி ஆட்டோ பாஸ் வையுங்கள். லெவல் ஏறும்போது முழு ஹெச்பி என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள், யாரும் வந்து கேட்கப் போவதில்லை. கூடவே விற்கிற கூடுதல் பாகமான சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர் (2016) இப்போதைக்கு வேண்டாம். அதிலும் இதே தூக்கம்தான்.