பாலடின் எதனால் வீழ வேண்டும்: ஆசையா, துக்கமா, நல்லெண்ணமா?

கோத்தகிரியில் ஞாயிறுதோறும் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். என் பாத்திரம் பாலடின், அதாவது சபதம் எடுத்த புனித வீரன். அவன் சபதத்தை முறிக்க வைத்து வீழ்த்துவது என்று முடிவாகிவிட்டது. எதனால் என்பதில்தான் வர்க்கியும் டீயும் தீரும்வரை வாக்குவாதம்.

அதிகார ஆசையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பிசாசு வலிமை தருகிறேன் என்கிறது, இவன் வாங்கிக்கொள்கிறான். வில்லனுக்குப் பொருந்தும். வாராவாரம் நாம் ஆட வேண்டிய ஆளுக்கு அலுத்துவிடும்.

துக்கம் கொஞ்சம் தேவலாம். தங்கையைக் கொன்றவர்களைத் தேடிக் கிளம்புகிறான் என்றால் மேசையே அமைதியாகிவிடும். ஆனால் ஆட்ட விதிகளின் ஐந்தாம் பதிப்பில் பழிவாங்குவதற்கென்றே பாலடினுக்குத் தனிச் சபதம் இருக்கிறதே! அப்புறம் எதை வீழ்ச்சி என்பது?

நான் எடுத்தது நல்லெண்ணம். 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3 கம்ப்யூட்டர் கேமின் பாலடின் ஆர்தஸ் இந்த வகைதான். கொள்ளைநோய்த் தானியம் தின்ற ஊரார் பிணமாக எழுவதற்குள் அவர்களை வெட்டித் தீர்க்கிறான். சாப வாள் கைக்கு வருவது அதற்கப்புறம்தான்.

என் ஆளின் சபதத்தில் பொய் சொல்லாதே என்றும் இருக்கிறது, உன்னை நம்பியவர்களைக் காப்பாற்று என்றும் இருக்கிறது. பிடிபட்ட கொள்ளையனிடம் "வழியைச் சொல், விட்டுவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தான். அவனும் சொன்னான். விட்டால் ஓடிப்போய்க் கூட்டத்தை எழுப்புவான். கீழே ஊர் தூங்குகிறது. கழுத்தை அறுத்து, கத்தியைச் செத்தவன் சட்டையிலேயே துடைத்தான். "சரியாத்தானே பண்ணின, மச்சான்?" என்றான் திருடன் பாத்திரம் ஆடுபவன்.

எனக்கு முக்கியம், வீழ்ந்த பிறகு அவனை வைத்து ஆட முடியுமா என்பது. 1978 விதிப்புத்தகத்தில் தெரிந்தே தீமை செய்தால் பாலடின் பட்டம் நிரந்தரமாகப் போய்விடும். ஐந்தாம் பதிப்பில் வருந்தி, இரவெல்லாம் விழித்துப் பிரார்த்தித்துத் திரும்பலாம். மனமே வருந்தாதவனுக்குச் சபதம் முறித்தவனின் பாதைதான். அதில் ஏழாம் லெவலில் வரும் ஒளிவட்டம், பக்கத்தில் நிற்கும் நடைபிணங்களின் அடியையும் பலமாக்கும், எதிரிப் பிணமாக இருந்தாலும். அடி வாங்குவது நம் கூட்டாளிகள்! ஆசையால் வீழ்ந்தவன் நேரே அங்கேதான் போவான். நல்லெண்ணத்தால் வீழ்ந்தவனோ, தான் வீழ்ந்ததையே ஒத்துக்கொள்ளாமல் பல வாரம் இழுக்கலாம். கூட இருப்பவர்களும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்து வாதாடுவார்கள், ஆட்டம் நகரும்.

ஏழாம் லெவலை நான் இன்னும் தொடவில்லை, அந்த ஒளிவட்டத்தைப் புத்தகத்தில் படித்ததோடு சரி. துக்கத்தை நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் அதிலும் இதே இழுபறியைக் கொண்டுவரக்கூடும்.

கதையை நடத்தும் எங்கள் டிஎம்மிடம் ஒன்றுதான் கேட்டேன்: காசு வாங்கிக்கொண்டு சபதத்தைத் திருப்பித் தரக் கூடாது. பால்டர்ஸ் கேட் 3 கம்ப்யூட்டர் கேமில் 1000 தங்கக் காசுக்குத் தருகிறார்கள். கம்ப்யூட்டருக்கு அது போதும்.